வேகவைத்த மண்ணில் வளராத எலுமிச்சை

வாசகரே, உங்களை நடுவராக அமரச் சொல்லவில்லை. இந்த வழக்கில் தோற்றவன் யார் என்பது எனக்கே தெரியும். அன்று அங்கே நின்றவர்களுள் ஒருவராக உங்களையும் எண்ணிக்கொண்டு, சாட்சியாக மட்டும் கேளுங்கள்.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதியில் தாம்பரத்தில் ஒரு கல்லூரியில் தாவரவியல் படித்தேன். படித்தேன் என்பதைவிட விவாதப் போட்டிகளில் பேசினேன் என்பதே பொருந்தும். எந்தத் தலைப்பில் எந்த அணியில் நிறுத்தினாலும், எச்சரிக்கை மணிக்கும் இறுதி மணிக்கும் இடையே என் முடிவுரை பிசகாமல் வந்து அமரும். அதில் எனக்குப் பெருமை இருந்தது. இன்றும் அது முற்றாகப் போய்விடவில்லை.

என் வகுப்புத் தோழன் பம்மலைச் சேர்ந்தவன். அவன் குடும்பம் திருமணங்களுக்குப் பாத்திரம் வாடகைக்கு விடும் தொழில் செய்தது. தை மாதக் கடைசியில் அவனுடைய மூத்த சகோதரிக்கு நிக்காஹ். விருந்துக்கு வரும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஓர் எலுமிச்சை நாற்று தரவேண்டும் என்று அவன் அத்தா விரும்பினார். வண்டலூர் அருகே நெடுஞ்சாலை ஓரத்தில் நர்சரி வைத்திருந்த அக்கா ஒருவர் இருநூறு நாற்றுகளுக்குப் பொறுப்பேற்றார். அதுவரை அவர் செய்ததெல்லாம் சில்லறை விற்பனைதான். சொன்ன நாளில் கொடுத்துவிட்டால் பம்மலின் கல்யாண வீடுகள் அவரைத் தேடி வரும். தவறினால் அந்தப் பக்கம் அவர் பேச்சை யாரும் நம்பமாட்டார்கள்.

செம்மண், மணல், மக்கிய சாணம் ஆகியவற்றோடு, காய்க்கிற எலுமிச்சை மரத்தடியிலிருந்து பொடிவேரோடு ஒரு கூடை மண் வெட்டிச் சேர்ப்பது அந்த அக்காவின் வழக்கம். காரணம் கேட்டால், சேர்த்தால் வளர்கிறது என்பார். அதற்கு மேல் சொல்லமாட்டார். ஆனால் ஒவ்வோர் ஆண்டும் முளைத்தவற்றில் கொஞ்சம் தண்டின் அடியில் அழுகிச் சாய்ந்துவிடும். அந்த ஆடி மாதம் தோழனோடு நர்சரிக்குப் போயிருந்தபோது அவர் இந்தக் குறையைச் சொன்னார். நான் பாடப்புத்தகத்தில் ஓர் அத்தியாயம் வரை படித்திருந்தேன். அழுகலுக்குக் காரணம் பூஞ்சை. பூஞ்சை வாழ்வது மண்ணில். மண்ணை ஆவியில் அவித்தால் பூஞ்சை மடியும். இந்த மூன்றையும் அடுக்கி, தண்ணீர்க் குழாய் அருகே நின்றுகொண்டு கால்மணி நேரம் பேசினேன்.

"இன்னா தம்பி, மண்ணு இன்னா இட்லியா, வேக வெக்கறதுக்கு?" என்றார் அக்கா. ஆனால் கடைசிவரை கேட்டார். பிறகு, "நீ சொல்றது கேக்கறதுக்கு நல்லாத்தான் கீது," என்றார்.

அதைச் சம்மதம் என்றே எடுத்துக்கொண்டேன். தோழன் வீட்டிலிருந்து பழைய தேக்சா ஒன்றை, அதாவது பிரியாணி ஆக்கும் பெரிய செம்புப் பாத்திரத்தை, மினி லாரியில் ஏற்றி வந்தோம். அடியில் தண்ணீர், மேலே கம்பித் தட்டு, அதன்மேல் ஈரச் சாக்கில் கட்டிய மண். இரண்டு நாளில் நூற்றறுபது பைகளுக்கான மண்ணை அவித்தோம். மீதி நாற்பது பைகளை நாங்கள் வருவதற்கு முன்பே அக்கா தம் வழக்கப்படி நிரப்பியிருந்தார். அவற்றைக் கொட்டிவிடலாம் என்றேன். நிரப்பின கை வலிக்கிறது, விட்டுவிடு என்றார்.

அவித்த மண்ணில் ஒரு முளைகூடச் சாயவில்லை. பழைய மண்ணில் ஐந்தாறு சாய்ந்தன; பைக்கு இரண்டு மூன்று விதை ஊன்றியிருந்ததால் பை எதுவும் காலியாகவில்லை. ஆவணியில் நடந்த மாவட்ட விவாதப் போட்டி ஒன்றில் இதையே எடுத்துக்காட்டாக்கிக் கோப்பை வாங்கினேன்.

ஐப்பசி மழை தொடங்கியபோது நிலைமை மாறியது. பழைய மண்ணின் நாற்றுகள் ஒரு சாண் தாண்டிக் கரும்பச்சையாக நின்றன. அவித்த மண்ணின் நாற்றுகள் விரல் உயரத்தோடு நின்றுவிட்டன. இலை சிறுத்து, நரம்புகளுக்கிடையே வெளிறிக் கிடந்தது. வெயில் போதவில்லை என்றேன். விதைக் கலப்பு என்றேன். மழை நீர் சத்தைக் கரைத்துவிட்டது என்றேன். அக்கா தினமும் வந்து பைகளைத் தூக்கிப் பார்த்துவிட்டு வைத்தார். கார்த்திகை பிறந்துவிட்டது; தை பிறக்க இரண்டு மாதம்கூட இல்லை.

"நீ பேசினா கல்லுகூட கை தட்டும் மச்சான். செடி தட்டலையே," என்றான் தோழன். மேடை ஏறினால் நாக்கு ஒட்டிக்கொள்ளும் அவன், இரண்டு வகையிலும் சில நாற்றுகளைப் பிடுங்கிக் கழுவி ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துப் போனான். வேர்களைக் காரக் கரைசலில் வெளுக்கவைத்து, நீலச் சாயமேற்றி, நுண்நோக்கியின் கீழ் வைத்தான். முதலில் அவித்த மண்ணின் வேரைக் காட்டினான். உள்ளே ஒன்றுமில்லை, துடைத்துவிட்டாற்போன்ற வெறும் செல்கள். மற்ற வேரில் நீல இழைகள் செல்களுக்கிடையே ஓடி, செல்லுக்குள் நுழைந்து, சிறு மரங்களைப்போலக் கிளைவிட்டிருந்தன. பூஞ்சைதான். நான் மடியவேண்டும் என்று பேசிய அதே கூட்டம். ஆனால் அழுகவைக்கும் வகையல்ல.

அன்று மாலை நான் மூடிவைத்திருந்த அடுத்த அத்தியாயத்தைப் படித்தேன். எலுமிச்சை வேரில் சத்தை உறிஞ்சும் தூவிகள் மிகக் குறைவு. மணிச்சத்து எனும் பாஸ்பரசும் துத்தநாகமும் மண்ணில் தாமாக நகர்ந்து வருவதில்லை. வேர் தன்னைச் சுற்றியுள்ளதை உண்டு தீர்த்ததும் பட்டினி கிடக்கும். அதற்கு அப்பால் உள்ளதை எட்டி எடுத்துவருவது இந்த இழைகள். கூலியாக வேர் சர்க்கரை தருகிறது. நான் அழுகலை அவித்தபோது இந்த உறவையும் சேர்த்தே அவித்திருக்கிறேன்.

மறுநாள் மரத்தடியிலிருந்து வேர்மண் வெட்டி, பொடிவேர்களை நறுக்கிக் கலந்து, நூற்றறுபது பைகளிலும் வேருக்கருகே துளையிட்டு இட்டோம். அக்கா என்னைத் திட்டியிருக்கலாம். "கூடையைப் பிடி," என்று மட்டும் சொன்னார். ஐந்தாறு வாரம் ஒன்றும் தெரியவில்லை. மார்கழியில் சில நாற்றுகளின் நுனி பச்சை கட்டியது. அதன்பின் வளர்ச்சி விரைவாகத்தான் இருந்தது; ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரே வேகம் இல்லை. நிக்காஹுக்கு முந்தைய நாள் எண்ணிப் பார்த்தால், கொடுக்கத் தக்கவை நூற்றிருபது. எண்பது இன்னும் குட்டையாகவே நின்றன.

நூற்றிருபதையும் ஏற்றிக்கொண்டு பம்மல் போனோம். பந்தல் கட்டிக்கொண்டிருந்த வாசலில் தோழனின் அத்தா நாற்றுகளைப் பார்த்துவிட்டு, மீதி எங்கே என்று கேட்டார். அவர் குரல் உயரவில்லை. சொந்தக்காரர்களில் பாதிப் பேருக்குக் கொடுத்து பாதிப் பேரை வெறுங்கையோடு அனுப்புவதைவிட, யாருக்குமே கொடுக்காமல் இருந்திருக்கலாம் என்றார்.

"என் தப்புதான் பாய். மண்ணுல கோளாறு ஆயிப்போச்சு," என்றார் அக்கா.

தோழன் என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தான். அக்கா சொன்னதோடு அந்தப் பேச்சு முடிந்திருக்கும். பம்மலில் அவர் பெயரும் அதோடு முடிந்திருக்கும். எத்தனையோ மேடைகளில் தயக்கமில்லாமல் திறந்த என் வாய் அங்கே திறக்கச் சற்று நேரம் பிடித்தது. பந்தல்காரர்கள்கூடத் திரும்பிப் பார்க்கும்படி சொன்னேன்:

"அக்கா தப்பு இல்லைங்க. அவங்க வழக்கமா போடுற மண்ணைப் போட்டிருந்தா இருநூறும் வளர்ந்திருக்கும். அவிக்கச் சொன்னது நான்தான். விட்டுப்போற எண்பது வீட்டுக்கும் விலாசம் குடுங்க. செடி வளர வளர, ஒவ்வொரு வீட்டுக்கும் நானே கொண்டுபோய்க் குடுக்கறேன். ஏன் லேட்டாச்சுன்னு கேட்டா, யாராலன்னும் நானே சொல்றேன்."