பச்சியப்பன் கடையில் ஒரு வேளை

சாலம்மாள் வீட்டில் மொத்தம் பதினோரு பேர். அத்தனை பேருக்கும் கேழ்வரகுக் களி கிண்டுகிறவள் அவள் ஒருத்திதான். வாரத்தில் ஒரு வேளை மட்டும் வேறொருவர் ஆக்கிய சோற்றைச் சாப்பிட்டாள். அது காரிமங்கலம் சந்தை நாளில், பச்சியப்பன் சாப்பாட்டுக் கடையில்.

புளிக்கூடையோடு விடியலில் கிளம்புவாள். மதியத்துக்குள் விற்றுவிட்டு நேரே கடைக்குப் போவாள். பெண்கள் தனியாகக் கடையில் உட்கார்ந்து சாப்பிடுவது அப்போது வழக்கமில்லை. முதல் நாள் அவள் வாசலில் தயங்கி நின்றபோது பச்சியப்பன் அவளை உள்ளே கூப்பிட்டார். அடுப்படிக்குப் பக்கத்தில் ஒரு தட்டியை மறைப்பாக வைத்து இலை போட்டார். ஒன்றரை அணாவுக்கு வயிறு நிறையச் சோறு. சமையல்காரர் மாது வைக்கும் கொள்ளுக் குழம்புக்காகவே கிருஷ்ணகிரி பஸ்காரர்கள் அங்கே வண்டியை நிறுத்துவார்கள்.

"வூட்டுல களி இருக்கறப்ப எதுக்குக் கடையில திங்கற?" என்று ஒருமுறை அவள் புருஷன் தர்மன் கேட்டான்.

"இருக்குதுங்க. அதையும் நாந்தானே கிண்டணும்" என்றாள்.

யுத்தம் வந்தது. மாது பட்டாளத்துக்குச் சமையல்காரராகப் போய்விட்டார். அரிசிக்குக் கட்டுப்பாடு வந்தது. பச்சியப்பனே கரண்டியைப் பிடித்தார். சாப்பாடு மூன்றணா ஆயிற்று, சோறு பாதியாயிற்று, அதிலும் சோளக் குருணை கலந்திருந்தது. ரசம் வெறும் வெந்நீர். பஸ்காரர்கள் எதிர்ச்சாரியில் புதிதாக வந்த கடைக்குப் போய்விட்டார்கள். சாலம்மாள் மட்டும் விடாமல் வந்துகொண்டிருந்தாள்.

நாற்பத்து நாலாம் வருஷம் ஆடியில் ஒரு சந்தை நாள், குழம்பு அடிப்பிடித்திருந்தது. இரண்டு வாய்க்கு மேல் அவளுக்கு இறங்கவில்லை.

"அண்ணா, மூணணா வாங்கறீங்க. இதை எப்படிங்க திங்கறது?"

பச்சியப்பன் கோபப்படவில்லை. அவள் எதிரே வந்து குந்திக்கொண்டார். "எனக்கு ஆக்க வரல தங்கச்சி. கல்லாவுல உக்காந்தே பழகிட்டேன். நீ வாரத்துல நாலு நாள் வந்து ஆக்கிக் குடேன். நல்ல கூலியா குடுக்கறேன்."

கூலி என்றதும் சாலம்மாளுக்கு ஒரு சபலம் வரத்தான் செய்தது.

"வேணாங்கண்ணா. நான் இங்க வர்றதே ஆக்காம இருக்கத்தான்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும்.

"கெடைக்காத அரிசியை ஏன் தேடறீங்க?" என்றாள். "கேவுரு கெடைக்குதில்ல. களி கிண்டுங்க."

"வூட்டுக்கு வூடு அதுதானே. அதை யாரு காசு குடுத்துத் திம்பாங்க?"

"நான் திம்பேன். சந்தைக்கு வர்ற பொம்பளைங்க திம்பாங்க."

அடுத்த வாரம் களி கட்டி கட்டியாக இருந்தது. சாலம்மாள் உட்கார்ந்த இடத்தை விட்டு எழவில்லை. தட்டிக்கு இந்தப் பக்கம் இருந்தபடியே, "தீயைக் கொறைங்க, இன்னும் கொஞ்சம் சுத்தி வுடுங்க" என்று சொன்னதோடு சரி. களி பதமாக வர அவருக்கு ஒன்றரை மாதம் பிடித்தது. கொள்ளுத் துவையல் மட்டும் எப்படியோ முதல் நாளே நன்றாக அமைந்துவிட்டது.

மிளகாய் விற்கும் சின்னம்மாளை அவள் கூட்டி வந்தாள். சின்னம்மாள் இன்னும் இரண்டு பேரைக் கூட்டி வந்தாள். தட்டிக்குப் பின்னால் இடம் போதாமல் பச்சியப்பன் இன்னொரு தட்டி வாங்கினார். பஸ்காரர்கள் திரும்பி வரவேயில்லை. பச்சியப்பன் கடை படுத்துவிட்டது என்றுதான் ஊரில் பேச்சு. இரண்டு பெஞ்சுகளை அவர் விற்றும் விட்டார். ஆனாலும் சந்தை நாளில் களி மிஞ்சியதில்லை.

மழைத் தூறல் விழுந்த ஒரு மதியம், சாப்பிட்டு முடித்த சாலம்மாள் சுவரில் சாய்ந்தபடியே தூங்கிப்போனாள். பச்சியப்பன் அவள் இலையைத் தானே எடுத்துப் போட்டார். வாசலில் மாட்டு விலை பேசிக்கொண்டிருந்த இருவரைப் பார்த்து, "மெதுவா பேசுங்கப்பா" என்றார்.

அவள் எழுந்தபோது தூறல் நின்றிருந்தது. இன்னும் ஒரு உருண்டை வேண்டுமா என்று கேட்டார். வேண்டும் என்றாள்.