மூட்டையோடு சேர்ந்த எடை

என் அண்ணிக்குப் பல் செட் செய்கிற வேலை. டாக்டர் வாயை அளவெடுத்து அச்சை அனுப்புவார். அண்ணி அதற்குப் பொருந்துகிற பல்லைச் செய்து தருவார். மயிரிழை கூடினால் வாயை மூட முடியாது, குறைந்தால் பேசும்போது கழன்று மடியில் விழும். இருபது வருடமாக யார் வாயிலிருந்தும் அவர் செய்த பல் விழுந்ததில்லை. அப்படிப்பட்டவரை ஒருவன் அளவிலேயே ஏமாற்றினான் என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

நாற்பத்து மூன்று வயதில் அண்ணி விமானத்திலிருந்து குதிக்கக் கற்றுக்கொண்டார். ஏன் அண்ணி இந்த விபரீத ஆசை என்று கேட்டேன்.

"நாள் பூரா அடுத்தவங்க வாய்க்குள்ளயே கிடக்கறேன்டி. கொஞ்சம் வெளிய வரணும்போல இருந்துச்சு."

அண்ணன் முதலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். பிறகு அலுவலகத்தில் பெருமையடிக்க விஷயம் கிடைத்ததும் முகம் தானாக இறங்கிவிட்டது. ஆனால் குதிக்கிற மைதானத்துக்கு வர மாட்டான், தலை சுற்றுமாம். குதிப்பது அண்ணி, தலை சுற்றுவது இவனுக்கு! ஆகவே ஞாயிற்றுக்கிழமைகளில் காரோட்டி நான்தான்.

அங்கே பாராசூட்டைக் குடை என்பார்கள். குடையும், அது திறக்காவிட்டால் காப்பாற்றுகிற இன்னொரு குடையும், இரண்டையும் உடம்போடு கட்டுகிற பட்டைகளும் சேர்ந்தது மூட்டை. குதிக்கக் கற்றுத்தருகிற பள்ளியில் வாடகைக்குக் கொடுக்கிற மூட்டைகளெல்லாம் நெட்டையான ஆண்களுக்காகத் தைத்தவை. அண்ணி குட்டை, கொஞ்சம் சதைப்பிடிப்பு. தோள்பட்டை காது வரை ஏறும், இடுப்பில் தொளதொளவென்று ஆடும். குடை விரிகிற இழுப்பில் அக்குளெல்லாம் கன்றிப்போகும். சொந்தமாக ஒன்று வேண்டும் என்று அண்ணி ஆசைப்பட்டதில் என்ன தப்பு?

இங்கேதான் கேப்டன் வந்தான். அவன் எந்தக் கப்பலுக்கும் கேப்டன் இல்லை, டைல்ஸ் கடை வைத்திருக்கிறான். ஆயிரம் தடவைக்கு மேல் குதித்தவன் என்பதால் அந்தப் பட்டம். அந்த மைதானத்தில் ஒரு வழக்கம் உண்டு. அனுபவம் கூடக்கூட ஆட்கள் சின்னக் குடைக்கு மாறுவார்கள், சின்னது வேகமாகப் போகும், சட்டென்று திரும்பும். பழையதைத் தனக்குப் பின்னால் வருகிறவர் தலையில் கட்டுவார்கள். வாங்கியவர் கொஞ்ச நாளில் தனக்குப் பின்னால் வருகிறவர் தலையில். இதற்கு 'கைதூக்கி விடுவது' என்று பெயர் வேறு.

டைல்ஸ் கடையில், குளியலறை மாடலுக்கு மாட்டியிருந்த கண்ணாடி முன்னால் நின்று அண்ணி, கேப்டன் விற்க வைத்திருந்த பழைய மூட்டையைப் போட்டுப் பார்த்தார். தோள், இடுப்பு, தொடை எல்லாம் பிடித்து வைத்தாற்போல் உட்கார்ந்தது. அண்ணியின் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். உடம்புக்குப் பொருந்தியது, அவ்வளவுதான். உள்ளே இருக்கிற குடையின் அளவை அதற்குப் பிறகு யார் யோசிப்பார்கள்? ஆனாலும் அண்ணி கேட்டார்.

"தம்பி, குடை சின்னதா இல்ல? ஸ்கூல்ல நான் போடறது இதைவிட ரொம்பப் பெருசு."

"அது குடையாக்கா? கூடாரம்! எத்தனை நாள் கூடாரத்துல தொங்கிக்கிட்டு வருவீங்க? பசங்க சிரிக்கறாங்க. உங்க எடை என்ன சொல்லுங்க."

அண்ணி மறைக்காமல் சொன்னார்.

"ஒரு பவுண்டு எடைக்கு ஒரு சதுர அடி குடை. பாருங்க, கச்சிதம்! முதல்ல கொஞ்சம் வேகமாத் தெரியும். போகப்போகப் பழகிடும்."

அது அண்ணியின் எடை. வானத்திலிருந்து வருவது அண்ணி மட்டுமா? பூட்ஸ் வருகிறது, ஹெல்மெட் வருகிறது, முதுகில் அந்த மூட்டையே வருகிறது, தூக்கினால் எனக்கு இடுப்புப் பிடிக்கும். அந்தக் கனத்தையெல்லாம் யார் சுமப்பது, கேப்டனின் மாமனாரா? எல்லாவற்றையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும் என்று முதல் வகுப்பிலேயே சொல்லித்தருகிறார்கள். அண்ணிக்கும் தெரியும். ஆனால் ஆயிரம் தடவை குதித்தவன் கணக்குப் போடும்போது குறுக்கே பேசுவானேன் என்று மரியாதையாக நின்றுவிட்டார். அந்த மரியாதைதான் வினையாகப் போயிற்று.

மூட்டையைச் சோதிக்கிறவர் பிரித்துப் பார்த்து, துணி நன்றாயிருக்கிறது, கயிறு நன்றாயிருக்கிறது என்று முத்திரை வைத்தார். நன்றாகத்தான் இருந்தது. பயிற்சியாளர், அளவு சரிதானா என்று கேட்டார். கேப்டன் பார்த்துவிட்டார் என்றதும் தலையாட்டிவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டார். எல்லோரும் பொருளைப் பார்த்தார்கள், போடப்போகிற மனுஷியை ஒருத்தரும் பார்க்கவில்லை.

முதல் தடவை அந்தக் குடையோடு இறங்கியபோது அண்ணி ஓட்டமும் நடையுமாக வந்து முட்டிபோட்டு விழுந்தார். "சூப்பர்க்கா!" என்று கைதட்டினார்கள். அடுத்த ஞாயிறு, தரைக்குக் கொஞ்சம் மேலே வரும்போது யாரோ ஒருவர் குறுக்கே வந்தார். அண்ணி விலகுவதற்காக ஒரு பக்கக் கயிற்றை இழுத்தார். பழைய கூடாரமாக இருந்தால் சோம்பலாகத் திரும்பியிருக்கும். இது தலைகுப்புறப் பாய்ந்தது. நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். தரையில் மோதிய சத்தம் எனக்குக் கேட்டது. ஓடினேன், எப்படி வேலியைத் தாண்டினேன் என்று இன்றுவரை தெரியாது.

இடது கால் இரண்டு இடத்தில் முறிவு. உள்ளே கம்பி வைத்தார்கள். ஆஸ்பத்திரிக்கு ஆப்பிளோடு வந்த மைதானத்துக்காரர்கள் ஒவ்வொருவரும், "தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போச்சு" என்றார்கள். எங்கே போனது? காலில் கம்பியாக அல்லவா இருக்கிறது! வெளியே காரிடாரில் அவர்கள் பேசிக்கொண்டதோ வேறு. அவசரப்பட்டுத் திருப்பிட்டாங்க, கையில பதட்டம், ஆடத் தெரியாதவ மேடை கோணல்னு சொல்லக் கூடாது பாருங்க. அண்ணி மேடையைப் பற்றி ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. நான்தான் காரிடாருக்குப் போய் அவர்கள் ஆப்பிளை அவர்கள் கையிலேயே கொடுத்துவிட்டு வந்தேன்.

ஆறேழு மாதம் கழித்து அண்ணி கைத்தடியோடு பல் செய்கிற லேபுக்குப் போகத் தொடங்கினார். ஸ்டூலில் உட்கார்ந்து, காலை ஒரு பெட்டிமேல் நீட்டிக்கொண்டு பல் செட்டைத் தேய்த்துச் சீராக்குவார். எலும்பு டாக்டர் இனி குதிக்கலாம் என்று சொல்ல இன்னும் கொஞ்ச நாள்தான். அண்ணிக்கு ஒரே ஆசை, மறுபடி மேலே போக வேண்டும். அதற்குப் பெரிய குடையோடு, உடம்புக்குப் பொருந்துகிற ஒரு மூட்டை வேண்டும்; தொளதொளக்கிற பள்ளி மூட்டையை இந்தக் காலோடு நம்ப முடியாது. அதை வாங்க வேண்டுமென்றால் இதை விற்க வேண்டும், வேறு வழியில்லை.

கேப்டனே ஆள் பிடித்துக்கொண்டு வந்தான். பஸ் ஓட்டுகிற பெண், முப்பது வயதிருக்கும். அண்ணியைவிட உயரம், நல்ல ஆகிருதி, கலகலவென்ற பேச்சு. பயிற்சி முடித்துச் சில வாரம்தான். எங்கள் வீட்டுக் கூடத்தில் அந்த மூட்டையைப் பார்த்ததும், முன்பு அண்ணியின் முகத்தில் பார்த்த அதே மலர்ச்சி.

"போட்டுப் பாரும்மா," என்றார் அண்ணி. "ஹெல்மெட்டும் மாட்டிக்க."

பட்டைகளைத் தளர்த்தி விட்டுத் தானே பூட்டிவிட்டார். பிறகு நொண்டிக்கொண்டே உள்ளே போய், எடை பார்க்கிற மெஷினைக் கொண்டுவந்து தரையில் வைத்தார்.

"ஏறி நில்லு. வெக்கப்படாத, நாமதானே."

அந்தப் பெண் சிரித்துக்கொண்டே ஏறினாள். அண்ணி குனிந்து முள்ளைப் பார்த்தார். கேப்டன் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தான்.

"இது என்னையே தாங்கல. உனக்கு ஆகாதும்மா. நான் தரமாட்டேன்."

"ஏய், தேடி வந்தவங்களை..." என்று அண்ணன் ஆரம்பித்தான். "இதை வித்தாத்தானே நீ வேற வாங்கலாம்?"

"வாங்கலன்னா வாங்கல. கீழேயே இருந்துட்டுப் போறேன்."

அவருக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும்.

"நான் பாத்து ஓட்டுவேன்க்கா," என்றாள் அந்தப் பெண். "தினமும் அவ்வளவு பெரிய வண்டியையே திருப்பறேன்."

"நானும் பாத்துதாம்மா வந்தேன். பெருசா ஒண்ணு கிடைக்கற வரைக்கும் ஸ்கூலோடதையே போடு. தோள் வலிச்சா வலிக்கட்டும்."

கேப்டன் எழுந்து சட்டையை நீவிவிட்டுக்கொண்டான். "விடும்மா, அக்கா பாவம், பயந்துட்டாங்க. நீ வா, நம்ம கடையில இன்னொண்ணு இருக்கு."

இத்தனை மாதத்தில் அண்ணி அவனை ஒரு சொல் சொன்னதில்லை. நான் திட்டும்போதெல்லாம் என் வாயைத்தான் அடைப்பார். இப்போது கைத்தடியை ஊன்றி நிமிர்ந்தார்.

"ஆமாம் தம்பி, பயந்துட்டேன். முன்ன பின்ன தெரியாத இவளுக்காகக்கூட பயப்படறேன். அன்னிக்குக் கண்ணாடி முன்னால நான் நின்னேனே, எனக்காக நீ கொஞ்சம் பயந்திருக்கலாமில்ல?"

கேப்டன் வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டினான். அங்கிருந்தே, "வர்றியாம்மா? வண்டியை எடுக்கறேன்," என்றான்.

அந்தப் பெண் மெஷின்மேல் நின்றபடியே மார்புப் பட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"நீங்க போங்க சார்," என்றாள். "நான் பஸ்ல போய்க்கறேன்."