ஒரு பக்கக் குலவை

அன்னக்கொடி சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். உரிக்கச் சொன்னது நான்தான். சமையலுக்காக இல்லை. பக்கவாதம் வந்த வலது கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தோலைக் கிள்ளிப் பழக வேண்டும். வெளியே விடாத மழை. கடலில் புயல் நிற்கிறது என்று செய்தியில் சொன்னார்கள். பழங்காநத்தத்தில் அவர்கள் தெரு வாய்க்காலாகியிருந்தது.

அவள் கண்ணில் நீர் வழிவதைப் பார்த்துக் கணவர் முத்திருளன் பதறினார்.

"ஏ அன்னம், எதுக்கு அழுகுற? தங்கச்சி, என்னான்னு பாரு."

"வெங்காயம்ண்ணே," என்றேன்.

பாதிதான் வெங்காயம். மீதி, சற்று முன் எனக்கு வந்து, ஸ்பீக்கரில் அவளும் கேட்ட போன். பேசியது சோணையம்மாள், சோழவந்தானில் இருக்கும் அன்னக்கொடியின் தம்பி ஜெயபாண்டியின் மனைவி. மறுநாள் காலை அவர்கள் பேத்தி திவ்யாவுக்குக் கல்யாணம். "மதினிய இந்த மழையில இழுத்துக்கிட்டு வராதீக. வீடியோவுல காட்டுறோம். குலவையெல்லாம் நாங்க பாத்துக்கிறோம்" என்றிருந்தாள். நல்லெண்ணத்தில் சொன்னதுதான். ஆனால் கடைசி வாக்கியம் வெங்காயத்தைவிடக் காரம்.

அன்னக்கொடி சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த வீட்டுப் பெண். வயலில் நாற்று நடும்போது பழகிய குலவை அவளுடையது. வாக்கப்பட்டுப் பழங்காநத்தம் வந்தபின் கிரைண்டர் போட்டு, இட்லி மாவு விற்று, இரண்டு பையன்களை ஆளாக்கினாள். கிரைண்டர் இரைச்சலுக்கு மேல் பேசிப் பேசித் தொண்டை இன்னும் வலுத்தது. தம்பி வீட்டில் எந்த நல்ல காரியம் என்றாலும் முதல் குலவை அவள்தான். அவள் எடுத்துக் கொடுத்த பிறகுதான் மற்றப் பெண்கள் நாக்கை அசைப்பார்கள்.

வைகாசியில் வலப்பக்கம் விழுந்துவிட்டது. அப்போதுதான் என்னை வேலைக்கு வைத்தார்கள். நான் அறுபது வயதுக்கு மேல் முதியோர் பராமரிப்புப் பயிற்சி முடித்தவள். அவளைவிடக் கொஞ்சம் மூத்தவள். கம்பு ஊன்றி நடக்கும் அளவுக்கு அவளைக் கொண்டுவந்தோம். பேச்சும் குழறலோடு வந்தது. குலவை மட்டும் வரவில்லை.

நாக்கை இடமும் வலமும் ஆட்டும் பயிற்சியைக் கண்ணாடி முன்னால் செய்யச் சொல்லியிருந்தேன். அது போதாதென்று அவள் பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் குலவை பழகினாள். விஷயம் தெரியாத முத்திருளன் குழாய் ரிப்பேர் என்று பிளம்பரையே கூட்டி வந்துவிட்டார்.

அன்னக்கொடி வெங்காயத்தை ஒதுக்கிவிட்டு, கம்பை ஊன்றிப் போய் பீரோவைத் திறந்தாள். பட்டுச் சேலையை எடுத்து என் மடியில் வைத்தாள். டாக்டர் பயணத்துக்குத் தடை சொல்லவில்லை. மழையில் நனையக்கூடாது, நான் கொடுப்பதைத் தவிர எதையும் குடிக்கக்கூடாது என்று மட்டும் சொன்னேன். தலையை ஆட்டினாள்.

விடியும்போது முகைதீன் பிச்சை வேனோடு வந்துவிட்டார். தெற்குவாசல்காரர். மாவுக்கு அரிசி மூட்டை ஏற்றி இறக்கிய காலத்திலிருந்து அந்த வீட்டுக்குப் பழக்கம்.

"மாமா, மேலக்கால் ரோட்டுல தண்ணி ஏறிருச்சாம். பரவை வழியாச் சுத்தித்தான் போகணும்."

"எம்புட்டு நேரமாகும் மாப்ள?"

"வேன் மனசு வச்சா முகூர்த்தத்துக்கு. இல்லாட்டி பந்திக்கு."

வைப்பர் ஒரு பக்கம்தான் வேலை செய்தது. கண்ணாடியில் ஓட்டுநருக்கு முன்னால் மட்டும் வெளி தெரிந்தது. அன்னக்கொடி முந்தானையால் வாயை மறைத்துக்கொண்டு குலவை எடுத்துப் பார்த்தாள். 'புஸ்' என்று காற்றுதான் வந்தது. முகைதீன் பிச்சை வண்டியை ஓரங்கட்டி, மழையில் இறங்கி, நாலு டயரையும் தட்டிப் பார்த்துவிட்டு நனைந்துபோய் ஏறினார்.

"காத்து எறங்கின சத்தம் கேட்டுச்சே?"

"எறங்குனது டயர்ல இல்ல மாப்ள, உங்க அத்தைகிட்ட," என்றார் முத்திருளன்.

அவள் இடது கையால் புருஷன் முதுகில் ஒன்று வைத்தாள். பிறகு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"கவலப்படாதீக அத்தை. எங்க உம்மாவுக்கு ஒரு பல்லுகூட இல்ல. எங்க வீட்டு நிக்காஹ்ல அவுகதான் குலவை," என்றார் முகைதீன் பிச்சை.

எனக்கு அப்போதுதான் ஒன்று பிடிபட்டது. காற்று வலது கடைவாய் வழியாகக் கசிகிறது. "கையால வலது கன்னத்தைத் தாங்கிப் பிடி. தலையை இடது பக்கம் சாய்ச்சுக்க," என்றேன்.

"பல்லு வலிக்காரி மாதிரி இருக்கும். சபையில கேவலம்க்கா," என்றாள் குழறலாக.

"கேவலமா, குலவையா? ரெண்டுல ஒண்ணுதான் கிடைக்கும்."

முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பரவை தாண்டி ஒரு புளிய மரம் ரோட்டில் சாய்ந்து கிடந்தது. ஆட்கள் வெட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் அவளுக்குப் பசியாற்றினேன். தண்ணீராக எதைக் குடித்தாலும் புரையேறும். கூழ் பதத்தில் கெட்டிக் கஞ்சிதான் கொடுக்க வேண்டும். "கெட்டிக் கஞ்சி குடிச்சுட்டுக் கெட்டி மேளத்துக்குப் போறா," என்றார் முத்திருளன். அவர் வாய் சும்மா இருந்தால்தான் நாங்கள் பயப்பட வேண்டும்.

மண்டபத்துக்குள் நுழையும்போது மாப்பிள்ளையும் பெண்ணும் மணவறையில் உட்கார்ந்துவிட்டார்கள். கரண்ட் இல்லை. ஜெனரேட்டர் அறையில் தண்ணீர். மேளக்காரர்கள் மேலக்கால் பக்கம் வெள்ளத்துக்கு அந்தாண்டை நின்றார்கள். சோணையம்மாள் ஓடிவந்து அன்னக்கொடியின் ஈரப் பாதங்களைத் தன் சேலையாலேயே துடைத்தாள். "வந்துட்டீகளா மதினி! பேசாம உக்காருங்க, அலட்டிக்கிறாதீக."

மாப்பிள்ளையின் மாமா ராஜபாண்டி, "மேளத்துக்கு எதுக்குக் கவலை? நான் செல்லுல போடுறேன்," என்று போனை உயர்த்திப் பிடித்தார். மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்தார். பெரியவர் ஒருவர் பழக்கதோஷத்தில் "கெட்டி மேளம், கெட்டி மேளம்!" என்று விரலை ஆட்டினார். ராஜபாண்டி அமுக்கினார்.

"உங்களுக்கு முழங்கால் வலியா?" என்று கேட்டது போன்.

தைல விளம்பரம். அதை நிறுத்தத் தெரியாமல் அவர் தடவிக்கொண்டிருக்க, சபை பாதி சிரிப்பும் பாதி திகைப்புமாக நின்றது. மாப்பிள்ளை தாலியைப் பிடித்தபடி விழித்தார். சோணையம்மாள் குலவைக்கு வாயைத் திறந்தாள். திறந்தவள் மதினியின் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டாள்.

அன்னக்கொடி எழுந்தாள். குலவை எடுத்தாள். காற்று.

கம்பை என்னிடம் நீட்டினாள். நான் இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். இடது கையால் வலது கன்னத்தைத் தாங்கி, தலையைச் சாய்த்து, அச்சு அசல் பல் வலிக்காரியாக நின்று மறுபடி எடுத்தாள். வந்தது. பழைய குலவை இல்லை. மெலிசாக, இடறி இடறி, ஒரு பக்கமாக வந்தது. ஆனால் குலவைதான். சோணையம்மாள் அதைப் பிடித்துக்கொண்டாள். பிறகு பெண்கள் அத்தனை பேரும். முழங்கால் வலி அதில் அமுங்கிப்போனது. முடிச்சு விழுந்தது. எச்சில் அவள் சேலை வரை வழிந்திருந்தது. துடைத்து உட்கார வைத்தேன். நாடி வேகமாகத்தான் இருந்தது. கொஞ்ச நேரத்தில் அடங்கியது.

பந்தியில் சோணையம்மாள் வந்து, "மதினி, குலவை ஒரு பக்கமாத்தானே வந்துச்சு?" என்று சீண்டினாள்.

"மறுபக்கத்தை உனக்குன்னு விட்டேன்," என்றாள் அன்னக்கொடி.

மழை குறையாததால் இரவு சோணையம்மாள் வீட்டிலேயே தங்கினோம். காலையில் வெயில் வந்தது. அன்னக்கொடிக்கு நாக்கு வலி. மூன்று நாளைக்குப் பயிற்சி வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கஞ்சி காய்ச்ச அடுப்படிக்குப் போனேன். சற்று நேரத்தில் பாத்ரூமிலிருந்து குலவைச் சத்தம் கேட்டது. குழாயைத் திறக்கவில்லை. கதவுக்கு வெளியே துண்டோடு முத்திருளன் நின்றார்.

"ஏத்தா, இங்க யாருக்குக் கல்யாணம்? நான் குளிக்க வேணாமா?"

சோணையம்மாள் ஒரு கூடைச் சின்ன வெங்காயத்தைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். கல்யாணத்தில் மிஞ்சியது. "மதினிக்குப் பழகுறதுக்கு," என்றாள். கஞ்சியை இறக்கிவிட்டு அன்னக்கொடியை வெளியே கூப்பிட்டேன். வந்து உட்கார்ந்து, வலது கையால் ஒன்றை எடுத்தாள்.