எதிராளி எழுதிய மனு

தர்மபுரிக்கு வெளியே, சேலம் ரோட்டிலிருந்து அரை மைல் உள்ளே தள்ளி, எங்கள் கூட்டுறவு வீடு கட்டும் சங்கத்தின் காலனி இருந்தது. இருபத்திரண்டு வீடுகள். எழுபதுகளின் தொடக்கத்தில் எங்களுக்கு இருந்த பொதுச் சொத்து ஒரு கிணறு, மூன்று தெருவிளக்கு, ஓயாத சண்டைகள். நான் கூட்டுறவுத் துறையில் வேலை பார்த்தவன், துணைவிதிகளை மனப்பாடமாகச் சொல்வேன். அந்தக் குற்றத்துக்காக என்னையே செயலாளர் ஆக்கிவிட்டார்கள். ஒரு சண்டையை எந்தப் பதிவேட்டில் எந்தத் தலைப்பில் பதிவது என்று எனக்குத் தெரியும். தீர்க்கத் தெரியாது.

தீர்த்து வைத்தவர் பதினாலாம் நம்பர் வீட்டுக்காரர். அரூர் தாலுகா ஆபீசில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்த பிறகு தம்பி குடும்பத்தோடு இருந்தார். அவரிடம் ஒரே ஒரு விதிதான். சண்டைக்காரர் இருவரும் மனுவை மாற்றி எழுத வேண்டும். இவர் அவருடைய குறையை எழுதுவார், அவர் இவருடைய குறையை. எழுதியதைப் படித்து எதிராளி 'சரி' என்று கையெழுத்துப் போட வேண்டும். போடும்வரை விசாரணை கிடையாது.

முதலில் சிரித்தேன். எந்த நடைமுறை நூலிலும் இல்லாத நடைமுறை. பிறகு ஒன்பதாம் நம்பர் வீட்டு எருமை விவகாரம் வந்தது. தொழுவத்துக் கழிவு பத்தாம் நம்பரின் சமையலறை ஜன்னலுக்கடியில் தேங்குகிறது என்று இரண்டு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. எருமைக்காரர் பக்கத்து வீட்டு மனுவை எழுத உட்கார்ந்தார். நாற்றத்தை எப்படி எழுதுவது என்று தெரியாமல் அந்த ஜன்னலோரம் போய் நின்று பார்த்தார். திரும்பி வந்து மனுவை முடிக்கவில்லை. எருமையைத் தோட்டத்து மறுகோடிக்கு மாற்றிக் கட்டினார். தீர்ப்பு எழுதத் தாள் எடுத்து வைத்திருந்த எனக்குத்தான் வேலையில்லாமல் போயிற்று.

இப்படிச் சண்டை தீர்த்து வைத்தவருக்கு முதுகெலும்பில் புற்றுநோய் என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பினார்கள். செய்வதற்கு ஒன்றுமில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லியிருந்தார்கள். நாலு மாதத்தில் கட்டிலோடு கிடந்தார். ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, பொதுக்குழுவில் ஒரு பொருள் சேர்க்க வேண்டும் என்றார். தீராத நோயாளி, தானே கேட்டுக்கொண்டால், டாக்டர் துணையோடு வலியில்லாமல் போய்ச்சேரச் சட்டம் செய்யும்படி சர்க்காருக்கு மனு.

எனக்கு வாயில் வந்தது துணைவிதி. சங்கத்தின் நோக்கங்களில் சாவு இல்லை என்றேன்.

"வூடு கட்ட விதி இருக்குது, குடியிருக்க விதி இருக்குது. காலி பண்ண ஒண்ணு வேண்டாமுங்களா?" என்றார்.

தனியாகவே அனுப்பலாமே என்று கேட்டேன். ஒருத்தன் எழுதினால் கிறுக்கன் என்று குப்பையில் போடுவார்கள், சங்கத் தீர்மானம் என்றால் தபால் பிரிவில் நம்பர் போட்டே தீர வேண்டும் என்றார். சட்டம் வரும் என்ற நம்பிக்கையெல்லாம் அவருக்கு இல்லை. இந்தக் கேள்விக்கு சர்க்கார் கோப்பில் ஒரு நம்பர் விழ வேண்டும், அதைத் தான் இருக்கும்போதே பார்க்க வேண்டும். அவ்வளவுதான் கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம், சங்கக் கட்டடத்துக்கென்று ஒதுக்கிப் புல் மட்டும் முளைத்திருந்த மனையில் கூட்டம் கூடியது. அவரைக் கட்டிலோடு தூக்கி வந்தார்கள். மூன்றாம் நம்பர் வீட்டு டீச்சர் எழுந்தார். பென்னாகரம் பக்கத்துக் கிறிஸ்தவ விவசாயக் குடும்பம், ஞாயிறு பூசை தவறாதவர். உயிர் கொடுத்தவர்தான் எடுக்க வேண்டும், அதில் கை வைக்கும் மனு இந்தக் காலனியிலிருந்து போகக் கூடாது என்றார். பாதிப் பேர் தலையாட்டினார்கள். மீதிப் பேர் என்னைப் பார்த்தார்கள். நான் துணைவிதியைப் பார்த்தேன்.

கட்டிலிலிருந்து குரல் வந்தது. "அப்ப நம்ம ரூல்படியே போயிரலாமுங்க டீச்சர். எம் மனுவ நீங்க எழுதுங்க. உங்க ஆட்சேபணைய நான் எழுதறன்."

அதற்கு அடுத்த நாலு நாளும் பள்ளிக்கூடம் விட்டதும் டீச்சர் பதினாலாம் நம்பருக்குப் போனார். நானும் செயலாளர் என்ற சாக்கில் போய் உட்கார்ந்தேன். ஆட்சேபணையில் பதினாலாம் நம்பர்க்காரர் வேதத்தைப் பற்றி ஏதாவது எழுதுவார் என்றுதான் நினைத்தேன். அவரோ டீச்சரிடம் அவருடைய அப்பாவைப் பற்றிக் கேட்டார். தொப்பூர் கணவாயில் லாரி மோதிப் பதினோரு மாதம் படுக்கையில் கிடந்தவர் அந்த அப்பா. மூன்றாம் மாதம் தன்னை முடித்துவிடச் சொல்லிக் கெஞ்சினார். பத்தாம் மாதம் ஒரு காலையில் களியும் கீரையும் கேட்டு வாங்கித் தின்றுவிட்டு, கீரையில் உப்பு பத்தவில்லை என்று மகளோடு சண்டை போட்டார். "அன்றைய சட்டம் வேறாக இருந்தால் அந்தக் காலை எங்களுக்கு இருந்திருக்காது." ஆட்சேபணையை இந்த வாக்கியத்தில்தான் அவர் முடித்தார்.  டீச்சர் படித்துவிட்டு 'சரி' போட்டார்.

டீச்சர் எழுதிய மனுவில் ஓரிடத்தில் நோயாளி சொன்னதையே அப்படியே வைத்திருந்தார்: "எனக்கு மாறுதல் உத்தரவு வந்துவிட்டது. ரிலீவ் செய்து அனுப்பத்தான் அதிகாரி இல்லை." முப்பது வருஷம் ஆபீசில் இருந்த எனக்கு அதற்கு விளக்கம் தேவைப்படவில்லை. அவர் அதற்கு 'சரி' போட்டார். டீச்சரிடம் கீழே 'எழுதியவர்' என்று போட்டுப் பெயரும் முகவரியும் எழுதச் சொன்னேன். எழுதியவர் கையொப்பம் இல்லாத மனு ஏற்கத்தக்கதல்ல என்று விளக்கமும் கொடுத்தேன்.

மறு ஞாயிறு கூட்டத்தில் இரண்டையும் படித்தேன். இரண்டையும் ஒன்றாக அனுப்பலாம் என்று பெரும்பான்மை. டீச்சர் எதிர்த்தே கை தூக்கினார். அதையும் குறித்துக்கொண்டேன்.

ஆறு வாரம் கழித்து மூன்றாம் நம்பர் வாசலில் ஒரு போலீஸ் ஏட்டு சைக்கிளை நிறுத்தினார். மேலிருந்து ஆபீஸ் ஆபீஸாக இறங்கி வந்த காகிதம் அவர் கையில் இருந்தது. இந்த முகவரியில் உள்ள ஆசிரியை சாக அனுமதி கேட்டிருக்கிறார், விசாரித்து அறிக்கை அனுப்புக. மனுவில் முகவரி என்று இருந்தது டீச்சருடையது ஒன்றுதான். உண்மையான மனுதாரர் போட்டிருந்தது வெறும் 'சரி'. எல்லா நடைமுறையும் தெரிந்த நான் மனுதாரர் கையெழுத்தை வாங்க மறந்திருந்தேன்.

ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டார்கள். நான் போனபோது ஏட்டு, குடும்பத்தில் ஏதாவது பிரச்சினையா அம்மா என்று மிகவும் தயவாகக் கேட்டுக்கொண்டிருந்தார். தற்கொலை முயற்சி குற்றம் என்பதையும் நடுவில் நினைவூட்டினார். நான் எதிர்த்து ஓட்டுப் போட்டவள், இது என் மனு இல்லை என்று டீச்சர் ஒரே வரியில் தப்பித்திருக்கலாம். தீர்மானப் புத்தகம் என் கக்கத்தில் சாட்சியாக இருந்தது. அவர் அந்த வரியைச் சொல்லவில்லை. ஏட்டைப் பதினாலாம் நம்பருக்குக் கூட்டிப் போனார். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, வலி எப்போது வருகிறது, வந்தால் இந்த மனிதர் எதைக் கடிக்கிறார், சுய நினைவோடு என்ன கேட்கிறார், ஏன் கேட்கிறார் என்று வகுப்பில் சொல்வது போல நிதானமாகச் சொன்னார். ஏட்டு தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு எழுதினார்.

கடைசியில், "நீங்க இத ஆதரிக்கறீங்களாம்மா?" என்று கேட்டார்.

"இல்லீங்க. எதிர்த்துத்தான் ஓட்டுப் போட்டன். ஆனா அதுல எழுதியிருக்கறது ஒவ்வொண்ணும் நெசம். அதையும் எழுதிக்குங்க."

ஏட்டு எழுதிக்கொண்டார்.

அதன்பின் ஐந்து வாரம் நோயாளி உயிரோடு இருந்தார். சட்டம் வரவில்லை. வலி வந்தது. டீச்சரும் தினமும் வந்தார். மனிதர் கேட்டது கிடைக்காமல்தான் இறந்தார். அதை அழகுபடுத்திச் சொல்ல எனக்கு மனமில்லை. தாங்கள் நம்பாத பக்கத்தை அவ்வளவு நேர்மையாக எழுதிய இரண்டு பேரை அதற்குப் பிறகு நான் எந்த ஆபீசிலும் பார்க்கவில்லை.

அன்று ஏட்டு எழுந்து தொப்பியைப் போட்டபோது, கட்டிலிலிருந்து அவர் கேட்டது ஒன்றுதான்.

"காயிதத்துல நம்பர் இருக்குதுங்களா?"

ஏட்டு புரட்டிப் பார்த்துப் படித்தார். கட்டிலில் கிடந்தவர் இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, "செகரட்டரி, புக்குல ஏத்திக்குங்க" என்றார்.

ஏற்றினேன். அவர் கண் முன்னாலேயே.