மூன்றாவது முறை வைத்த கரு

அவிநாசியில் ஒரு பனியன் கம்பெனியில் அனுப்ரியா ஓவர்லாக் தையல் மெஷினில் உட்கார்ந்து தைக்கும் டெய்லர். ஆஸ்பத்திரியில் சோதனைக்குழாய் முறையில் இரண்டு முறை கரு வைத்தும் தங்கவில்லை. கருப்பையின் உட்சுவரில் நாள்பட்ட அழற்சி இருப்பதை டாக்டர் பரிசோதனையில் கண்டுபிடித்தார்.

“கரு ஒட்டுற நேரத்துல கொஞ்சம் அழற்சி வேணும்மா. உங்களுக்கு எந்நேரமும் இருக்கு. மாத்திரையில ஆத்திட்டு மறுபடி வைப்போம்.”

“அப்ப நான் மெஷின்ல உக்காந்ததால இல்லீங்களா?”

“இல்லம்மா.”

ஆறு வருஷமாக மாமியார் சொல்லிக் குத்திக்காட்டிய காரணம் அது. அனுப்ரியாவுக்குக் கோபப்படக்கூடத் தெம்பில்லை. வெளியே வந்து கணவன் அருள்செல்வன் தோளில் சாய்ந்துகொண்டாள்.

மூன்றாவது முறை கரு தங்கியது. ஏழாவது வாரம் ஸ்கேனில் துடிப்பு தெரிந்ததும் அருள்செல்வன் தன் அம்மாவுக்குச் சொல்லப் போனை எடுத்தான்.

“நாளைக்குச் சொல்லிக்கலாமுங்க,” என்றாள் அனுப்ரியா. “இன்னைக்கு ஊட்டுக்குப் போய்த் தூங்கணும்.”