பேய் கிடையாது, பிசாசு உண்டு

எங்கள் சபையில் பேய் கிடையாது. பிசாசு உண்டு. இரண்டும் ஒன்றுதானே என்று யாராவது கேட்டுவிட்டால் அப்பா லேசில் விடமாட்டார். செத்தவர்கள் ஆவியாக அலைகிறார்கள் என்ற பேச்சே வேதத்துக்கு விரோதம் என்பார். கர்த்தருக்குள் மரித்தவர்கள் நியாயத்தீர்ப்பு நாள்வரை அவரிடத்தில் இளைப்பாறுகிறார்கள். புளியமரத்தில் நிற்பது, வாசலில் வந்து கூப்பிடுவது எல்லாம் பரலோகத்திலிருந்து தள்ளப்பட்ட அந்தத் தூதனும் அவன் கூட்டாளிகளும் போடுகிற வேஷம். ஞாயிறு பள்ளியில் இதைச் சொல்லிக்கொடுத்தபோது எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. ஊர்ப்பட்ட பேய்களுக்குப் பயப்படுவதைவிட ஒரே ஒரு பிசாசுக்குப் பயப்படுவது சுலபம். என் தம்பி சாகும்வரை அப்படித்தான் நினைத்திருந்தேன்.

அப்போது செகந்திராபாத் பக்கம் உப்பலில், அப்பா வேலைபார்த்த மத்திய அரசு கம்பெனியின் குவார்ட்டர்ஸில் இருந்தோம். எழுபதுகளின் நடுப்பகுதி. தம்பி பக்கத்து நாச்சாரத்தில் ஒரு சின்னத் தொழிற்சாலையில் லேத் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட முடியவில்லை. மழைக்காலத்தில் மஞ்சள்காமாலை வந்தது. நாட்டுமருந்து கொஞ்ச நாள், ஊசி கொஞ்ச நாள் என்று ஓடியதில் முற்றிப்போய், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது டாக்டர் எங்கள் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை.

அவன் வேலை முடிந்து வருவதற்கென்று ஒரு சத்தம் உண்டு. எங்கள் முன்கேட் தொங்கிப்போயிருந்தது. மற்றவர்கள் கையால் தூக்கித் திறப்போம். அவன் சைக்கிளை விட்டு இறங்காமல் முன்சக்கரத்தால் ஒரு இடி இடிப்பான். அடுத்தது செருப்பு, கழற்றி எறிந்தால் சுவரில் போய் மோதும். அம்மா சாப்பிடக் கூப்பிட்டால் "நக்கோம்மா, அப்புறம்" என்பான்; வேண்டாம் என்பதற்கு அந்த ஊர் உருது. ஆனால் நேராக அடுப்படிக்குப் போய் நின்றபடியே தின்பான்.

அடக்கம் முடிந்து சில வாரங்கள் கழித்து, விளக்குப் போடும் நேரமானால் அம்மா கைவேலையை விட்டுவிட்டு முன்னறையில் வந்து உட்கார ஆரம்பித்தாள். அதுவரை ஒரு கவளம் சோறு இறங்காமல் கிடந்தவள், இப்போது தலை வாரிக்கொண்டாள், புடவை மாற்றிக்கொண்டாள். என்னம்மா என்று கேட்டேன்.

"கேட்டு சத்தம் கேக்குதுல்லா," என்றாள். "செருப்பு விழுது. பொறவு 'யம்மா'ங்கான். அவ்வளவுதான், வேற ஒண்ணும் பேச மாட்டுக்கான்."

எனக்கு எதுவும் கேட்கவில்லை. ஒருநாளும் கேட்டதில்லை. பயமாக இருந்தது என்று சொன்னால் பொய். எனக்கு வந்தது பொறாமை.

அம்மா இதைப் பக்கத்து வீட்டு மாமியிடமும் சொல்லிவிட்டாள். மாமிக்குக் கும்பகோணம் பக்கம். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "குழந்தை ஆசையா வரான். ஒரு வாய் சாதம் வையுங்கோளேன், மனசாறிப் போகட்டும்," என்றார். மறுநாள் சாயங்காலம் முன்வாசல் படியோரம் ஒரு தட்டில் சோறும் கருவாட்டுக் குழம்பும் இருந்தது. வேலை முடிந்து வந்த அப்பா அதைப் பார்த்தார்.

அவர் சபைக் கமிட்டியில் இருந்தவர். வீடே இரண்டாகும் என்று நினைத்தேன். அவர் கத்தவில்லை. தட்டுக்குப் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "அவன் இங்க வாரான்னா, அங்க போய்ச் சேரலன்னுல்லா அர்த்தம்," என்றார். அந்தக் குரலை அதற்குமுன் நான் கேட்டதில்லை.

அப்போதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. அப்பாவுக்கு அது பிசாசாகத்தான் இருந்தாக வேண்டும். பிசாசு என்றால் பிள்ளை பத்திரமாக இருக்கிறான். அம்மாவுக்கோ அது பிள்ளையாக இருந்தால் போதும், எங்கிருந்து வந்தால் என்ன. இருவர் பக்கமும் என்னால் சேர முடியவில்லை.

அந்த வாரமே அப்பா ஐயரைக் கூட்டிவந்தார். எங்கள் திருநெல்வேலி வழக்கத்தில் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம். மாமிக்கு இதில் தீராத ஆச்சரியம். ஐயர் நல்ல மனிதர். செகந்திராபாத்திலிருந்து பஸ் மாறி வந்து, மூச்சிரைக்க உட்கார்ந்து, காப்பி குடித்துவிட்டு, அம்மாவிடம் தணிந்த குரலில்தான் பேசினார். மரித்தவர்களுக்கும் நமக்கும் நடுவே ஒரு பெரும்பிளவு உண்டு, யாரும் இக்கரைக்கு வர முடியாது என்றார். வருகிறவன் வஞ்சகன், ஒளியின் தூதனைப்போலவே வேஷம் போடத் தெரிந்தவனுக்கு உங்கள் பிள்ளையின் குரல் எம்மாத்திரம் என்றார்.

"நீங்களே சொல்லி விரட்டணும்மா. இயேசுவின் நாமத்துல. ஆனா ஒண்ணு, அவன் லேசுல போவ மாட்டான். அழுவான், கெஞ்சுவான், மல்லுக்கட்டுவான். மனசு எளகிராதிய. தேவைப்பட்டா உபவாசக் கூட்டம் வைப்போம், பெண்கள் ஐக்கியத்துல இருந்து வெள்ளிக்கிழம தோறும் வருவாங்க."

அம்மா முந்தானையைத் திருகிக்கொண்டே கேட்டாள். அப்பாவை மட்டும் ஒருமுறை பார்த்தாள்.

வெளிச்சம் குறைந்தது. அம்மா வாசலில் நின்றாள். பின்னால் ஐயர் வேதாகமத்தோடு, அவர் பக்கத்தில் அப்பா. நான் கதவைப் பிடித்துக்கொண்டிருந்தேன். தெருவில் யாரோ ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தார்கள், அது கிளம்பவில்லை. திடீரென்று அம்மாவின் முகம் மலர்ந்தது. அதற்கு வேறு சொல் எனக்குத் தெரியவில்லை. ஐயர் தொண்டையைக் கனைத்தார். அந்த மலர்ச்சி அப்படியே வடிந்ததையும் நான் பார்த்தேன்.

"இயேசுவின் நாமத்துல சொல்லுதேன்," என்றாள். "போ. இனி வராத."

அவ்வளவுதான். கொஞ்சநேரம் காதைக் கொடுத்து நின்றாள். பிறகு உள்ளே வந்து அடுப்பைப் பற்றவைத்தாள்.

அதற்குப்பின் சத்தம் கேட்கவே இல்லை. அப்பா வருஷக்கணக்கில் இறக்கிவைக்காத பாரத்தை இறக்கியவராகத் தூங்கினார். ஞாயிற்றுக்கிழமை ஸ்தோத்திரக் காணிக்கை போட்டார். ஐயர் பிரசங்கத்தில் ஒரு தாயின் விசுவாசம் என்று பேர் சொல்லாமல் சொன்னார். பேர் சொல்லாவிட்டால் தெரியாதா, எல்லோரும் திரும்பி அம்மாவைப் பார்த்தார்கள். அவள் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள். எனக்கு வந்த கோபம் இன்றைக்கும் முழுசாகத் தீரவில்லை. ஐயர் சொன்னது தப்பு என்று சொல்லவும் எனக்குத் தெம்பில்லை, ஏனென்றால் நானும் அதைத்தான் விசுவாசிக்கிறேன்.

கிறிஸ்துமஸ் நெருங்கியபோது ஒரு மத்தியானம் அம்மாவும் நானும் முறுக்குக்கு மாவு சலித்துக்கொண்டிருந்தோம். அப்பா ஆபீஸில் இருந்தார். அம்மா சல்லடையைக் கீழே வைத்தாள்.

"ஏளா, ஐயரு என்ன சொன்னாரு? பிசாசு லேசுல போவாது, அழும், மல்லுக்கட்டும்னுதான சொன்னாரு?"

"ஆமாம்மா."

"நான் ஒரே ஒரு தடவதான் சொன்னேன். ஏம்மான்னுகூட கேக்கல. அந்தால போயிட்டான்."

சல்லடையை எடுத்தாள், மறுபடியும் வைத்தாள்.

"அப்பாகிட்ட சொல்லிராத. பெத்தவ சொன்னாள்னுதான் போயிருக்கான்."