கந்தராஜன் பூத்த வருடம்

வளைகுடா வேலையை விட்டுவிட்டு நான் மொத்தமாகத் திரும்பி வந்தபோது வீட்டில் எனக்கென்று ஒரு வேலையும் இருக்கவில்லை. மார்த்தாண்டத்திலிருந்து குலசேகரம் போகும் வழியில், ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிறது எங்கள் வீடு. நான் அங்கே இருக்க, மனைவி இங்கே நின்று கட்டியது. எந்தச் சுவிட்சைப் போட்டால் எந்த விளக்கு எரியும் என்றுகூட எனக்குத் தெரியாது. அவள் பாடம் சொல்லிக்கொடுக்கப் பள்ளிக்கூடம் போன பிறகு அறை அறையாக நடப்பேன். ஓடாத மோட்டாரைப் பிரிப்பேன். அது ஓட ஆரம்பித்தால் இன்னொரு தடவை பிரிப்பேன்.

"இஞ்ச பாருங்க, ஒரு எடத்துல இரிக்க முடியாதா? உங்களப் பாத்தா எனக்குத் தலை சுத்துது," என்றாள் ஒருநாள். "முற்றத்துல ரெண்டு செடியாவது வையுங்க."

மறுநாளே மார்த்தாண்டம் பக்கத்து நர்சரிக்குப் போனேன். கந்தராஜன் என்று ஒரு குத்துச்செடியைக் காட்டினார்கள். வருடம் முழுக்க இலை உதிராது. எண்ணெய் தடவியதுபோல் மினுங்கும் கரும்பச்சை. அதில் ஒரே ஒரு வெள்ளைப் பூ விரிந்திருந்தது. குனிந்து முகர்ந்தவன் நிமிரவில்லை. ஆட்டோ கொள்கிற அளவுக்கு வாங்கிவந்து பக்கத்து மதிலையொட்டி வரிசையாக நட்டேன்.

அதோடு விட்டிருந்தால் அது நானில்லை. காலையில் தண்ணீர், மத்தியானம் மறுபடி தண்ணீர். வெயில் போதாதென்று பிடுங்கி முன்பக்கம் வைத்தேன். வெயில் கூடிப்போயிற்றென்று திரும்ப மதிலோரம் கொண்டுவந்தேன். இலைகள் மஞ்சளித்தன, நரம்பு மட்டும் பச்சையாக நின்றது. திருகிய பச்சை மொட்டுகள் வரும். வந்த வேகத்தில் உதிரும். கீழே கிடக்கும் மொட்டைக் கையிலெடுத்து, பிரித்துப் பார்த்து, என்மேலேயே கோபம் வரும்.

ஒருநாள் மண்வெட்டியால் ஆழமாகத் தோண்டியபோது டங்கென்று சத்தம் கேட்டது. வீடு கட்டியபோது மிஞ்சிய சிமென்ட் கட்டியையும் சுண்ணாம்பையும் அந்தப் பக்கம் போட்டு மண்ணால் மூடியிருக்கிறார்கள். புளிப்பு மண்ணில் வளர வேண்டிய செடி சுண்ணாம்பில் வேரோடியிருக்கிறது. எல்லாவற்றையும் அள்ளி வெளியே போட்டுவிட்டு, ரப்பர் தோட்டத்துச் செம்மண்ணும் மக்கிய இலையும் சாணமும் நிரப்பினேன். அதற்குமேல் செடியைத் தொடக்கூடாது என்று மனைவி சத்தியம் வாங்கிக்கொண்டாள். தொடாமல் இருந்ததுதான் அந்த வருடத்திலேயே எனக்குப் பெரிய பாடு.

மழைக்குப் பிறகு இலை கறுத்தது. அடுத்த கோடையில் செடி முழுக்க மொட்டு. ஒரு சாயங்காலம் எல்லாம் ஒரே மூச்சில் விரிந்தன. சாலையில் போனவர்கள் பைக்கை நிறுத்தி எட்டிப் பார்த்தார்கள். எனக்கு நிலைகொள்ளவில்லை, மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன், திரும்பவும் கூப்பிட்டேன்.

அதற்கடுத்த நாள்தான் பக்கத்து வீட்டுக்காரர் மதிலருகே வந்து நின்றார். மார்த்தாண்டத்தில் இரும்புக்கடை வைத்திருப்பவர், என்னைவிட இளையவர். அவருடைய மனைவிக்குத் திருவனந்தபுரத்தில் புற்றுநோய்ச் சிகிச்சை நடந்துகொண்டிருந்தது எங்களுக்குத் தெரியும்.

"அண்ணே, ஒரு காரியம் சொன்னா தப்பா எடுக்காண்டாம்," என்றார். அவர் முகம் தரையைப் பார்த்தது. "கீமோ போட்டுட்டு வந்தா அவளுக்கு எந்த மணமும் ஆவல்ல. குமட்டிட்டே இருக்கு. இந்தப் பூவு..."

"அதுக்கென்ன தம்பி, நான் பாத்துக்கிடுதேன்," என்றேன்.

மறுநாளிலிருந்து எனக்கு வேலை கிடைத்துவிட்டது. விடிந்ததும் வெள்ளை தெரிகிற மொட்டையெல்லாம் கிள்ளித் தென்னை மரத்தடியில் புதைப்பேன். மத்தியானம் ஒரு தடவை தேடுவேன். கிள்ளக் கிள்ள எங்கோ இலைக்கடியில் ஒன்று ஒளிந்திருந்து சாயங்காலம் விரிந்துவிடும். காற்று அந்த வீட்டுப் பக்கம் அடித்தால் டார்ச்சை எடுத்துக்கொண்டு முற்றத்தில் இறங்குவேன். அவர்கள் வீட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டே காபி குடித்தேன், பேப்பர் படித்தேன். அங்கே இருமல் கேட்டால் எழுந்து போய்ச் செடியைச் சோதித்தேன்.

கடைசியில் பொறுக்கவில்லை. பிடுங்கி எறிவது என்று முடிவுசெய்து, ஒரு காலையில் முதல் செடியின் மூட்டில் மண்வெட்டியைப் போட்டேன்.

"அண்ணே, என்ன செய்யுதிய?"

மதிலுக்கு அந்தப் பக்கம் அவர் மனைவி நின்றிருந்தாள். தலையில் துண்டு கட்டியிருந்தாள். புருவம்கூட இல்லாத அந்த முகம் சின்னப்பிள்ளை முகம்போல் இருந்தது. ஆனால் குரல் முழுசாகப் பழைய குரல்.

"ஒண்ணுமில்ல மோளே, வேற எடத்துல வைக்கலாம்னு..."

"பொய் சொல்லாதிய. அவ்விய வந்து சொன்னாவளா?"

மண்வெட்டியில் ஒட்டிய மண்ணைக் காலால் தட்டினேன்.

"தெனமும் மொட்டக் கிள்ளுததப் பாத்துட்டுத்தான் இருக்கேன். யாராவது எனக்கட்ட ஒரு வார்த்த கேட்டியளா? வீட்டுல மீன் வைக்காண்டாம்னு சொல்லியாச்சி. பிள்ளையள அம்மைக்க வீட்டுல கொண்டு விட்டாச்சி. டிவி சத்தம் இல்ல. இப்ப ஒங்களுக்க முற்றத்துல பூவும் இல்ல. எல்லாம் எனக்கு வேண்டியாம். நான் கேட்டேனா?"

அவளுக்கு மூச்சு வாங்கியது. மதிலைப் பிடித்துக்கொண்டாள்.

"மணம் ஆவாதுன்னு..." என்று இழுத்தேன்.

"ஆவாதுதான். ரெண்டு நாளு ஆவாது. அப்ப ஜன்னல அடச்சிக்கிடுவேன். மிச்ச நாளு நான் என்னத்தப் பாப்பேன், ஒங்க வெறுஞ்செடியவா?"

மண்வெட்டியைச் சாய்த்துவைத்தேன். அவள் மெதுவாகத் திரும்பி உள்ளே போனாள். பாதி அறுபட்ட வேர்மேல் மண்ணைத் தள்ளி மிதித்துவிட்டு நானும் உள்ளே வந்தேன். அன்று மத்தியானம் அவர்கள் வீட்டில் அவளும் கணவரும் வெகுநேரம் சண்டை போட்டார்கள். அந்த வார இறுதியில் பிள்ளைகள் பையும் கையுமாக வந்து இறங்கின. மீன்குழம்பு வாசம்கூட வந்தது.

மொட்டுகளை விட்டுவிட்டேன். பூத்தன, மறுநாளே மஞ்சளாகி வாடின, மறுபடி பூத்தன. சில நாள் ஜன்னல் அடைத்திருந்தது, சில நாள் திறந்திருந்தது. அடைத்திருந்தால் அந்தப் பக்கம் பார்க்காமல் சுற்றிப் போவேன். திறந்திருந்தால், இன்றைக்கு நன்றாக இருக்கிறாளா, இல்லை எழுந்து அடைக்க முடியாமல் கிடக்கிறாளா என்று தோன்றும். மனைவியிடம் கேட்டால், "போய்க் கேளுங்க, இல்லேன்னா சும்மா இரியுங்க," என்பாள். இரண்டும் எனக்கு வராது.

அந்த வருடக் கிறிஸ்துமசுக்கு முன்னால் அவளுடைய சிகிச்சை முடிந்தது. இப்போது சோதனைக்கு மட்டும் போய்வருகிறாள். தலைமுடி சுருட்டைச் சுருட்டையாக வளர்ந்திருக்கிறது, முன்பு அப்படி இல்லை. போன மழைக்காலத்தில் மதிலருகே வந்து, "ஒரு கம்பு தாருங்கண்ணே," என்று கேட்டாள். வேர்பிடித்த ஒரு கன்றையே எடுத்துக்கொண்டு, நானே வந்து நட்டுத் தருகிறேன் என்றேன்.

"வேண்டாம், நான் நட்டுக்கிடுவேன்."

அவர்கள் வீட்டுக் கேட்டுக்கு நேர் எதிரே, மேற்கு வெயில் முழுக்க விழுகிற இடத்தில் நட்டிருக்கிறாள். மத்தியானம் இலையெல்லாம் துவண்டு தொங்குகிறது. சாயங்காலம் அவள் தண்ணீர் ஊற்றியதும் எப்படியோ நிமிர்ந்துவிடுகிறது. கொஞ்சம் தள்ளி வைக்கச் சொல்ல வேண்டும் என்று தினமும் மதில்வரை போகிறேன். அவள், "என்ன அண்ணே?" என்கிறாள். "ஒண்ணுமில்ல," என்று திரும்பி வருகிறேன்.